சட்டம் படிக்கும் மகள் சம்பளமில்லாத கோடைப் பணிக்குப் போகிறாள்: தடுப்பதா, விடுவதா?

2 பிப்ரவரி 2024, காலை (நியூ ஜெர்சி வாசகர் ஒருவரின் கேள்வி)

என் மகள் இங்கே சட்டப் பள்ளியில் முதலாண்டு படிக்கிறாள். வருகிற கோடையில் பத்து வாரம் நியூயார்க்கில் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள். வாடகை கட்ட முடியாதவர்களுக்காக வழக்காடும் இடமாம். அலுவலகம் ஒரு டாலர்கூடக் கொடுக்காது. பள்ளியில் பொதுநலப் பணிக்கான கோடை உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறதாம். விண்ணப்பித்திருக்கிறாள், கிடைத்தால் 5,000 டாலர். என் நண்பர் தன் கம்பெனியின் சட்டப் பிரிவில் வாரம் 1,200 டாலருக்குச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். கல்விக் கடன் ஏறிக்கொண்டே போகிறது. சேவையை வேலையில் அமர்ந்த பிறகு செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. இந்தப் படிப்பைப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், தடுக்கலாமா?

2 பிப்ரவரி 2024, இரவு (என் பதில்)

தடுக்காதீர்கள் ஐயா. நண்பரிடம் அவசரப்பட்டு "வேண்டாம்" என்றும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் "கிடைத்தால்" என்று ஒரு சொல் இருக்கிறது. முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் பல்கலைக்கழகம், ஹார்வர்ட் போன்ற இடங்களில் பொதுநலப் பணிக்குப் போகும் மாணவர் விதிகளை நிறைவு செய்தால் தொகை உறுதி. வேறு பல பள்ளிகளில் போட்டி உண்டு, கேட்ட எல்லோருக்கும் வராது. மகளின் பள்ளி எந்த வகை? முடிவு எந்தத் தேதியில் தெரியும்? பணம் ஜூன் தொடக்கத்தில் கைக்கு வருமா, வேலை முடிந்த பிறகா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள்.

நான் மதுரையில் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு வருடம் ஜூனியராக இருந்துவிட்டு 2018-இல் இங்கே மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தேன். 2019 கோடையில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் உங்கள் மகள் போகப்போகிற மாதிரியான அலுவலகம் ஒன்றில் பத்து வாரம் இருந்தேன். இன்றும் அதே வகை வேலைதான் செய்கிறேன். நேரம் கிடைக்கும்போது தொடர்கிறேன்.

3 பிப்ரவரி 2024

நேற்று பணத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று தெரியாமல் தடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சரியில்லை.

பிராங்க்ஸில் கிராண்ட் கான்கோர்ஸ் சாலையில் 1118-ஆம் எண் கட்டடம்தான் வீட்டு வழக்குகளுக்கான நீதிமன்றம். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வெளியே வரிசை நிற்கும். கைக்குழந்தை, தள்ளுவண்டி, கைத்தடி, வேலைக்குப் போகும் சீருடை, எல்லாம் அந்த வரிசையில் இருக்கும். உள்ளே போனால் உண்மையான நீதிமன்றம் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரரின் வழக்கறிஞர் ஒரு கட்டுக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடுகிறவர் நீதிமன்ற ஊழியர் என்று நினைத்துக்கொண்டு குடியிருப்பவர் ஓடி வருவார். இவ்வளவு பாக்கி, இந்தத் தேதிக்குள் கட்டுகிறேன், தவறினால் வெளியேற்றச் சம்மதம் என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போடுவார். பிறகுதான் நீதிபதியின் முன் போய் நிற்பார். பத்தாண்டுகளுக்கு முன்பு இந்த நகரத்தில் இப்படி நின்ற குடித்தனக்காரர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் வழக்கறிஞர் இருந்தார். எதிர்த்தரப்பில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருந்தார்கள்.

2017-இல் நியூயார்க் நகரம் வெளியேற்ற வழக்குகளில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச வழக்கறிஞர் என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். ஆனால் ஒரே நாளில் எல்லோருக்கும் வந்துவிடவில்லை. அஞ்சல் குறியீடு வாரியாக விரிந்தது. நான் சேர்ந்த கோடையில் தெருவின் இந்தப் பக்கத்துக் குடும்பத்துக்கு வழக்கறிஞர் உண்டு, அந்தப் பக்கத்துக் குடும்பத்துக்கு இல்லை என்ற நிலை. குறியீட்டைக் கேட்டுவிட்டு "மன்னிக்கவும்" என்று சொல்கிற வேலையை முதல் வாரத்தில் என்னிடம் கொடுத்தார்கள். ஐந்து வருடம் ஆகிவிட்டது, சில முகங்கள் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு பெண்மணியின் வழக்குக் கட்டு என் மேசைக்கு வந்தது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களையும் எண்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) முதியோரை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கிற வேலை அவருக்கு. 2016-இல் குடி வந்தவர். வாடகை 1,310 டாலர், மூன்று மாத பாக்கி. தாழ்வாரத்துத் தாளில் கையெழுத்துப் போடுவதற்குள் எங்கள் வழக்கறிஞர் அவரைப் பிடித்துவிட்டார். என்னிடம் சொன்ன வேலை, வாடகை வரலாற்றை வரவழைத்துப் படி என்பது.

வாடகை வரலாறு என்றால், அரசின் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு 1984 முதல் வருடம் வருடமாக வீட்டுக்காரர் பதிந்துவந்த வாடகைப் பட்டியல். மாநில வீட்டுவசதித் துறையிடம் குடியிருப்பவர் கேட்டால் தபாலில் அனுப்புவார்கள். காசு கிடையாது. பெரும்பாலானோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வந்த பட்டியலில் இவருக்கு முன் இருந்தவர் 780 டாலர் கட்டியிருக்கிறார். அப்போதைய விதிப்படி ஆள் மாறும்போது வீட்டுக்காரர் பொதுவாக 20 சதவீதம் வரை ஏற்றலாம்: 936. மீதி 374 எங்கிருந்து வந்தது? வீட்டைப் புதுப்பித்தேன் என்று காட்டினால் ஏற்றலாம். 35 வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடமென்றால், செலவில் அறுபதில் ஒரு பங்கை மாத வாடகையில் சேர்க்கலாம். 374-ஐ அறுபதால் பெருக்கினால் 22,440 டாலர். அந்த ஒற்றை அறை வீட்டில் இருபத்திரண்டாயிரம் டாலருக்கு மேல் செலவழித்திருக்க வேண்டும்.

மறுநாள் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, சமையலறைத் தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, துரு பிடித்திருக்கிறது, குடி வந்த நாளிலிருந்தே அப்படித்தான், ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

ஐயா, உங்கள் மகள் கோடையில் செய்யப்போகிற வேலை இதுதான். நீதிமன்றத்தில் எழுந்து வாதாட மாட்டாள். பட்டியல் படிப்பாள், பெருக்கல் போடுவாள், தொட்டியைப் பற்றிக் கேட்பாள். அந்த வழக்கு பாக்கி தள்ளுபடியாகி, வாடகை குறைந்து முடிந்தது.

2019 ஜூன் 14 அன்று மாநிலத்தின் வாடகைச் சட்டமே தலைகீழாக மாறியது. அந்த 20 சதவீத ஏற்றம் ஒழிந்தது. வாடகையை எத்தனை வருடம் பின்னோக்கிப் பார்க்கலாம் என்பது நான்கிலிருந்து ஆறானது. அதனால்தான் எங்களால் 2016-க்குப் போக முடிந்தது. இருபது வருட அனுபவம் உள்ளவர்களும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே உரையை முதன்முறையாகப் படித்தோம்.

4 பிப்ரவரி 2024

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. இதே துறையில் இருக்கிற ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி.

2016-க்குப் போக முடிந்ததற்குப் புதிய சட்டம் காரணமில்லை. 2019-இல் தொடுத்த வழக்கில் 2016 என்பது பழைய நான்கு வருட எல்லைக்குள்ளேயே வருகிறது. மேலும், புதிய சட்டத்தின் அந்தப் பகுதியைப் பழைய காலத்து வாடகைக்குப் பின்னோக்கிப் பொருத்த முடியாது என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஏப்ரலில், ரெஜினா மெட்ரோபாலிட்டன் வழக்கில், தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தக் கோடையில் எங்களுக்கு இருந்த உற்சாகம் நினைவில் கலந்து என்னை இப்படி எழுத வைத்துவிட்டது. யாராவது இதைப் படித்துவிட்டு, 2019 ஜூனுக்கு முந்தைய வாடகைக்கும் ஆறு வருடம் பொருந்தும் என்று நம்பி எதையும் செய்துவிட வேண்டாம்.

6 பிப்ரவரி 2024

"5,000 டாலரில் நியூயார்க்கில் பத்து வாரம் எப்படி?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என் கணக்கைச் சொல்கிறேன்.

எனக்குக் கிடைத்தது 4,500. வாரம் 450. வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்றால் மணிக்குப் பதின்மூன்று டாலர்கூட வரவில்லை. அந்த வருடம் நகரத்தின் குறைந்தபட்சக் கூலி, மிகச் சிறிய இடங்களைத் தவிர, 15. மூன்று பேர் பகிர்ந்துகொண்ட வீட்டில் ஒரு அறையைக் கோடைக்கு மட்டும் எடுத்தேன். மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவேன். மிச்சம் எதுவும் இல்லை, கடனும் இல்லை. இது 2019 கணக்கு, இன்றைய வாடகையை வைத்து உங்கள் மகள் புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நியூ ஜெர்சியில் உங்கள் வீட்டிலிருந்தே ரயிலில் போய்வந்தால் எளிது.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு எண்ணும் வேண்டும். அப்போது பெரிய சட்ட நிறுவனங்களில் புதிதாகச் சேரும் வழக்கறிஞரின் ஆண்டுச் சம்பளம் 190,000 டாலர். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கோடையில் அங்கே போனால் அதே விகிதம், வாரத்துக்கு ஏறக்குறைய 3,650. 2023 கடைசியில் அது ஆண்டுக்கு 225,000 ஆனது. வாரத்துக்கு 4,300-க்கு மேல். என் பத்து வார உதவித்தொகையை என்னோடு படித்தவர் ஒன்றரை வாரத்துக்குள் சம்பாதித்துவிடுவார். அவர் மேல் எனக்குக் குறை கிடையாது. அந்த 4,500-இல் அவருடைய பங்கும் இருந்தது.

எப்படியென்றால், எங்கள் பள்ளியில் உதவித்தொகைக்குப் பணம் திரட்டுவது மாணவர்கள் நடத்தும் ஏலம். பல சட்டப் பள்ளிகளில் வருடாவருடம் இது உண்டு. பேராசிரியர்கள் "என் வீட்டில் ஆறு பேருக்கு விருந்து", "என்னோடு ஒரு மாலை சீட்டாட்டம்" என்று கொடுப்பார்கள். மாணவர்களும் ஊர்க்காரர்களும் ஏலம் எடுப்பார்கள். எங்கள் ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர், ஆறு பேருக்குக் காலைச் சிற்றுண்டி தானே சமைத்துப் பரிமாறுவதாக அறிவித்தார். நிறுவன வேலைக்குப் போகப்போகிறவர்கள் ஆறு பேர் சேர்ந்து போட்டிபோட்டு ஏற்றி எடுத்தார்கள். அன்று அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. நான் கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து போனேன். அந்தச் சிற்றுண்டியில் ஒரு துண்டாவது என் ஜூன் மாத வாடகையாக மாறியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

6 பிப்ரவரி 2024, சற்றுப் பிறகு

விட்டுப்போனது: மத்திய அரசின் படிக்கும்போதே வேலை செய்யும் திட்டத்தின் பணத்தைப் பல பள்ளிகள் இந்தக் கோடைப் பணிகளுக்குப் பயன்படுத்துகின்றன. அது குடியுரிமை, நிரந்தரக் குடியிருப்பு, அகதி நிலை போன்றவை உள்ளவர்களுக்கு மட்டும். உங்கள் மகள் இங்கே பிறந்தவள் என்றால் கேட்டுப் பார்க்கட்டும். மாணவர் விசாவில் வந்த எனக்கு அந்தக் கதவு மூடியிருந்தது.

9 பிப்ரவரி 2024

"வசதி இருப்பவர்கள் செய்கிற சேவை இது, நமக்கெதற்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் எனக்குத் தெரிந்த ஓர் உண்மை இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு நண்பர். பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்தவர், ஸ்பானிய மொழி தாய்மொழி. அவர் அம்மா அந்த 1118-ஆம் எண் கட்டடத்து வரிசையில் இரண்டு முறை நின்றவர். சட்டம் படிக்க வந்ததே அதனால்தான். நான் சேர்ந்த அதே அலுவலகத்துக்கு அவரும் விண்ணப்பித்து இடம் வாங்கினார். உதவித்தொகையில் அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில் நின்றுவிட்டது. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர். மே மாதம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நிறுவனத்தின் அலுவலக வேலைக்குப் போய்விட்டார்.

அந்தக் கோடை முழுவதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு, பாட்டிமார்களிடம் வாடகை ரசீதைப் பற்றிக் கேட்டேன். நான் ஒரு வாக்கியம், அவர் ஒரு வாக்கியம், பாட்டி ஒரு வாக்கியம், மறுபடி அவர். அரை மணியில் முடிகிற பேச்சு ஒன்றரை மணி ஓடும். நடுவில் பாட்டி பேரனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிப்பார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கி "குடும்ப விஷயம்" என்பார். என் நண்பர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பேரன் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டிருப்பார். வீட்டு வழக்கில் அது பெரிய கேள்வி.

ஆகவே 2-ஆம் தேதி எழுதியதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். உதவித்தொகையை மாணவரின் தியாகத்துக்குக் கொடுக்கிற பரிசாக நாம் பேசுகிறோம். நான் பார்த்தவரை, அந்தப் பணம் வாடிக்கையாளருக்கான பணம். யார் அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமோ அவர் வந்து உட்காருவதற்கான செலவு. அது கிடைக்காததால் என் நண்பர் ஒரு கோடையைத்தான் இழந்தார். பாட்டிமார்கள் அவரையே இழந்தார்கள். நமக்கெதற்கு என்று கேட்டவரே, உங்கள் பிள்ளை சட்டம் படித்தால், தொகையும் கிடைத்தால், தயவுசெய்து அனுப்புங்கள்.

10 பிப்ரவரி 2024

எஃப்-1 விசா மாணவர் ஒருவர் கேட்டதற்கு:

பள்ளிக்கு வெளியே செய்யும் இந்தப் பணிக்கு, படிப்போடு இணைந்த பயிற்சிக்கான சி.பி.டி. அனுமதி வேண்டும். அதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். முதலாண்டுக் கோடையில் அது முடிந்திருக்கும், கவலை வேண்டாம். பள்ளியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் ஐ-20 என்கிற மாணவர் விசாவுக்கான தாளில் அனுமதியைப் பதித்துக் கொடுக்கும் வரை வேலையைத் தொடங்கக் கூடாது. "சம்பளம் இல்லைதானே, அனுமதி எதற்கு" என்று மூத்த மாணவர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி எதையும் செய்யாதீர்கள். உதவித்தொகை வாங்கினால் கேள்வி இன்னும் சிக்கலாகும்.

நான் ஏப்ரல் நடுவிலேயே தாள்களைக் கொடுத்தேன். தாளை வாங்கிய இடத்தில் எங்கோ கிடந்து போனது. ஜூன் முதல் வாரம் முழுவதும் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். பத்து வாரத்தை முடிக்க ஆகஸ்டில் ஒரு வாரம் கூடுதலாக இருந்து, வாடகையும் கூடுதலாகக் கட்டினேன். மார்ச்சிலேயே கொடுங்கள், வாரம் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்.

11 பிப்ரவரி 2024

இன்னொரு வாசகரின் கேள்வி: பத்தாண்டுப் பொதுநலப் பணிக்குப் பிறகு கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் மத்தியத் திட்டத்தில் (2007 முதல் உள்ளது) இந்தக் கோடை கணக்கில் சேருமா? சேராது. தகுதியான வேலையில் முழுநேரமாக இருந்துகொண்டு 120 தவணை கட்ட வேண்டும். படிக்கும்போது தவணையே தொடங்கியிருக்காது.

17 பிப்ரவரி 2024

மதுரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி உண்டா என்று.

பணி உண்டு, பணம் அரிது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிப்படி மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் களப்பயிற்சி கட்டாயம். ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. தொண்டு நிறுவனம், நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகம் என்று பல இடங்களுக்குப் போகலாம். கட்டாயம் என்று விதி சொல்கிறது. அந்த வாரங்களில் மாணவர் எதைச் சாப்பிட்டு எங்கே தங்குவது என்று விதி சொல்லவில்லை. என்னோடு படித்த இரண்டு பேர் பஸ் செலவுக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார்கள். டெல்லிக்குப் போய் மூத்த வழக்கறிஞரிடம் நான்கு வாரம் இருந்துவந்தவர்கள் யார் என்று பார்த்தால், டெல்லியில் சித்தப்பா இருந்தவர்கள்.

ஊரில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என் சீனியரின் குமாஸ்தா. எந்தத் தாளுக்கு எவ்வளவு ஸ்டாம்ப், எந்த எழுத்தர் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார், வாய்தா வாங்க வந்தவரை எப்படி வெயிலில் நிறுத்தாமல் உட்கார வைப்பது என்றெல்லாம் அவரிடம்தான் கற்றேன். சட்ட உதவி கேட்டு வருகிற பெண்களிடம் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பாதே என்று கண்டித்ததும் அவர்தான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. நான் அதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் ஒரு பெண்ணைத் திருப்பி அழைத்துவர என்னைப் பஸ் நிலையம் வரை ஓடவிட்டார்.

பிராங்க்ஸ் தாழ்வாரத்தில் முதல்நாள் நின்றபோது அவரைத்தான் தேடினேன். அங்கே அந்த இடத்தில் எங்கள் அலுவலகத்தின் துணைச் சட்டப் பணியாளர் ஒருவர் இருந்தார், அறுபது வயதை நெருங்கிய பெண்மணி. பட்டம் இல்லை. எந்த நீதிபதி எந்தத் தாளைப் படிப்பார், எதைப் புரட்டுவார் என்று அவருக்குத் தெரியும்.

24 பிப்ரவரி 2024

கேள்வி கேட்ட ஐயா மறுபடி எழுதியிருக்கிறார். தொகை உறுதி என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டதாம். மகிழ்ச்சி. ஆனால் இன்னும் மனம் ஒப்பவில்லை, நிறுவனக் கதவு மூடிவிடுமோ என்கிறார்.

மூடாது. முதலாண்டுக் கோடையில் சட்ட உதவிக்கோ நீதிபதியிடமோ போய்விட்டு அடுத்த கோடையில் பெரிய நிறுவனத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். ஒரு எச்சரிக்கை மட்டும்: நான் படித்தபோது நிறுவனங்களின் நேர்காணல் ஆகஸ்டில் நடந்தது. இப்போது மிகவும் முன்னதாகவே, கோடை தொடங்கும்போதோ அதற்கு முன்போ, தொடங்கிவிடுகிறார்கள். மகளுக்கு அந்தப் பக்கமும் ஒரு கண் இருந்தால், பட்டியல் படிக்கிற வாரத்திலேயே நேர்காணலும் வரும். அலுவலகத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அரைநாள் விடுப்பு எடுக்கட்டும். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பொதுநலத்திலேயே நிற்க நினைத்தால் இந்தக் கோடை இல்லாமல் கடினம். படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு கொடுக்கிற பெரிய உதவித்திட்டங்கள், ஈக்குவல் ஜஸ்டிஸ் வொர்க்ஸ், 1988 முதல் இருக்கிற ஸ்காடன் போன்றவை, மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பம் கேட்கும். அப்போது தேர்வாளர்கள் முதலில் பார்ப்பது, இந்த ஆள் கோடைகளில் எங்கே இருந்தார் என்பதைத்தான்.

25 பிப்ரவரி 2024

அலுவலகத்தின் பெயரைவிட, மகளுக்கு மேல் யார் இருப்பார் என்பதுதான் கோடையைத் தீர்மானிக்கும். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். சேருவதற்கு முன் தொலைபேசியில் கேட்கட்டும்: என் வேலையைப் பார்ப்பவர் ஒருவரா, பலரா? அவர் ஜூலையில் விடுப்பில் போகிறாரா? வாடிக்கையாளரிடம் நேரில் பேச விடுவீர்களா? நீதிமன்றத்துக்கு வாரம் எத்தனை நாள் கூட்டிப் போவீர்கள்? எங்கள் வகுப்பில் ஒருவர் மிகப் பெயர்பெற்ற இடத்துக்குப் போய்ப் பத்து வாரம் ஒரே ஆய்வுக் குறிப்பை எழுதிவிட்டு வந்தார். ஒரு வாடிக்கையாளரைக்கூடப் பார்க்கவில்லை. துறையையே விட்டுப் போய்விட்டார்.

2 மார்ச் 2024

நியூயார்க்கில் வழக்கறிஞராகப் பதிய விரும்புகிறவர்கள் கவனிக்க: 2015 முதல் 50 மணி நேர இலவசச் சட்டப்பணி கட்டாயம். அப்போதைய தலைமை நீதிபதி ஜோனதன் லிப்மன் 2012-இல் அறிவித்தது. சட்ட உதவி அலுவலகத்தில் செய்யும் கோடைப் பணி இதில் சேரும். பள்ளி கொடுக்கும் உதவித்தொகையால் தகுதி போகாது. இரண்டு வாரத்திலேயே 50 தாண்டிவிடும்.

ஆனால் அதற்கான உறுதிமொழிப் படிவத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். கோடை முடிந்த நாளிலேயே வாங்கிவிடுங்கள். நான் பட்டம் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். நடுவில் தொற்றுநோய் வந்தது. 2020 மார்ச்சில் வெளியேற்றங்கள் நிறுத்தப்பட்டன, இரண்டாவது கோடையை என் அறையிலிருந்தே தொலைபேசியில் கழித்தேன். என் மேற்பார்வையாளர் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். அவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க ஆறு வாரம் ஆனது.

28 மே 2024

இழை அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஐயா எழுதியிருக்கிறார்: மகள் திங்கட்கிழமை சேருகிறாளாம், என்ன கொடுத்து அனுப்ப வேண்டும் என்று அவர் மனைவி கேட்கிறாராம்.

நீண்ட நேரம் நிற்கத் தோதான செருப்பு. மேலே போட ஒரு மெல்லிய சால்வை. வெளியே வேகும், நீதிமன்ற அறைக்குள் குளிரூட்டி நடுக்கும். கையில் ஒரு சின்னக் கால்குலேட்டர். பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும், காலை எட்டரைக்கே போய் நிற்கட்டும். பையில் இரண்டு மூன்று பிஸ்கட் பொட்டலம் கூடுதலாக இருக்கட்டும் அம்மா. குழந்தையோடு வருகிறவர்கள் மதியம் வரை அங்கேயே இருப்பார்கள்.

11 ஆகஸ்ட் 2024

ஐயாவின் நீண்ட கடிதத்தை இன்று காலையில்தான் படித்தேன். ஜூலையில் ஒருநாள் இரவு மகள் சாப்பிடும்போது, "அப்பா, நாம் முதலில் குடியிருந்த வீட்டில் வாடகை எவ்வளவு ஏற்றினார்கள்?" என்று கேட்டாளாம். இவர் பழைய ஒப்பந்தத்தைப் பெட்டியிலிருந்து தேடியெடுக்க, இருவரும் நடுநிசி வரை உட்கார்ந்து படித்தார்களாம். கையெழுத்துப் போடும்போது ஒரு வரிகூடத் தான் படிக்கவில்லை, யாரோ காட்டிய இடத்தில் போட்டேன் என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

வெள்ளிக்கிழமை மகளின் கடைசி நாள் என்கிறீர்கள். அந்த 50 மணி நேரப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டாளா? மேற்பார்வையாளர் வியாழனோடு விடுப்பில் போகிறார் என்று உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. புதன்கிழமையே வாங்கிவிடச் சொல்லுங்கள்.